டீச்சரம்மாவின் கன்னம்

நேற்று காய்கறி வாங்கக் கிளம்பியவள், சந்தைக்குப் போகும் முக்குத் திரும்பும்போது பெயிண்ட் வாசனையில் நின்றுவிட்டேன். ஈர யூகலிப்டஸ் வாசனைக்கு மேலே அது தனியாக வந்தது. நிமிர்ந்து பார்த்தால் நம் டீச்சரம்மா சிலையைச் சுற்றிச் சாரம் கட்டியிருக்கிறார்கள். பள்ளிக்கூடத்தில் ஏதோ விழாவாம். சாரத்தின் மேல் ஒரு பெயிண்டர் உட்கார்ந்து, பட்டி குழைத்த தகரத்தை மடியில் வைத்துக்கொண்டு, அவர் முகத்தையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னங்க பண்ணப் போறீங்க?" என்று கீழேயிருந்து கேட்டேன்.

"மூஞ்சியெல்லாம் குழி குழியாக் கெடக்கும்மா. நாப்பது வருசத்து மழை அரிச்சிருக்கு. பட்டி வச்சு மூடித் தேய்ச்சுட்டா பளபளன்னு ஆயிரும்."

"அது மழை அரிச்சதில்லைங்க. செஞ்சவரே வச்ச குழி. அவங்களுக்கு அம்மைத் தழும்பு இருந்துச்சு."

அவர் விரலால் அந்தக் கன்னத்தைத் தடவிப் பார்த்தார். "நெசமாவா? சிலைக்குப் போய் யாரும்மா தழும்பு வைப்பாங்க?"

பதில் நாக்கு நுனி வரை வந்தது. சொல்லவில்லை. "குழியை மூடாதீங்க, பெயிண்ட் மட்டும் அடிங்க" என்றேன். "சரிம்மா, நீங்க சொன்னது நல்லதாப் போச்சு" என்று அவர் பட்டித் தகரத்தை மூடி வைத்தார். நான் காய் வாங்காமலே வீடு திரும்பினேன். அவர் கேட்டதற்கு முழுப் பதிலையும் யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று உனக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன். உன்னிடம் சொல்லத் தடையில்லையே. அதனால்தான் இதை உனக்கு எழுதுகிறேன். நீ அறியாதது இதில் அதிகமில்லை. தெரிந்த கதையைத் திரும்பக் கேட்பதில் உனக்கு ஒருபோதும் சலிப்பு வந்ததில்லை.

ஐம்பதுகளின் நடுவில் நான் இந்த மலைக்கு வந்தேன். பழநி அடிவாரத்தில் பஞ்சாமிர்தக் கடை வைத்திருந்த குடும்பம் எங்களுடையது. ஆசிரியைப் பயிற்சி முடித்த கையோடு டீச்சரம்மாவின் பெண்கள் பள்ளியில் வேலை கிடைத்தது. பள்ளிக்குப் பின்னால் தகரக் கூரை போட்ட ஓர் அறையைக் கொடுத்தார்கள். அதில் நீ ஏற்கெனவே இருந்தாய். என் பெட்டியை இறக்கி வைப்பதற்குள் என்னை மேலும் கீழும் பார்த்து, "பழநிக்காரியா? இந்தச் சேலையோட இங்க குளிரு தாங்குவியாடி?" என்று கேட்டு, உன் கம்பளி ஒன்றை என் மேல் எறிந்தாய். முகம் பார்த்த நிமிடத்திலேயே 'டி' போட்டவளிடம் எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். கம்பளி அவ்வளவு கதகதப்பாக இருந்ததால் வரவில்லை.

வெள்ளனே எழுந்து அடுப்பு மூட்டுவாய். மூடுபனியில் ஊறிப்போன சாக்பீஸ்களை அடுப்போரம் வரிசையாக அடுக்கிக் காயவைப்பாய். அவற்றில் பாதியை எனக்குக் கொடுத்துவிட்டு, "வெரசாக் கெளம்புடி, பிள்ளைங்க நமக்கு முன்னாடி வந்து நிக்கும்" என்பாய். இன்றைக்கும் சாக்பீஸ் என்றால் எனக்கு லேசாகப் புகை வாசனை அடிக்கிறது.

டீச்சரம்மாவோடு எனக்கு ஒரு வருஷப் பழக்கம்தான் வாய்த்தது. மதுரைப் பக்கத்தில் இளம் வயதிலேயே கணவரை இழந்து, நெஞ்சு நோய்க்கு மலைக்காற்று நல்லது என்று யாரோ சொல்லி இங்கே வந்தவர். வந்த இடத்தில் கதை எழுதத் தொடங்கினார். நாவல் வாசித்தாலே பெண் கெட்டுப்போவாள் என்று பேசிய காலத்தில் நாவல் எழுதி, தன் சொந்தப் பெயரையே அட்டையில் போட்டார். வாடகைக்கு ஒரு வீடு பிடித்துப் பெண் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் வைத்தார். பிள்ளைகள் தாமாக வராததால் மலைக்கிராமங்களுக்கு நடந்தே போய்க் கூப்பிட்டார். நான் பார்த்தபோது சால்வையும் கைத்தடியும் இருமலுமாக இருந்தார். இருமலை மீறி ஒரு சிரிப்பும் இருந்தது. முகமெங்கும் அம்மைத் தழும்பு. முதல் நாள் அதைக் கவனித்தேன். பிறகு பழகப் பழக அந்தச் சிரிப்புத்தான் கண்ணில் பட்டது.

உனக்கும் முகத்தில் அதே தழும்பு. பக்கத்து மலைக்கிராமமான வில்பட்டியில் உங்கள் வீட்டுக்கு வைசூரி வந்த வருஷம் உன் தம்பியைக் கொண்டுபோனது. உன்னை விட்டுவிட்டது, கன்னமெல்லாம் குழித்துவிட்டு. அதன்பிறகு உன் ஐயா உன்னை வெளியே அனுப்பவில்லை. பூண்டுக் காட்டுக்குப் போனாலும் முக்காடு போட்டுத்தான் போவாய். அப்போது ஒரு நாள் டீச்சரம்மா உங்கள் வாசலில் வந்து நின்ற கதையை அவர் குரலிலேயே எனக்கு எத்தனை தடவை சொல்லியிருப்பாய். "இவளப் படிக்க வச்சு என்னங்க செய்ய? இந்த மூஞ்சிய எவன் கட்டுவான்?" என்று உன் ஐயா கேட்டாராம். டீச்சரம்மா தலையில் போட்டிருந்த சால்வையை இறக்கி, "என் மூஞ்சியை நல்லாப் பாருங்க. இதை வச்சுக்கிட்டுத்தான் நான் புஸ்தகம் எழுதறேன். ஒருத்தரும் மூஞ்சி பார்த்துட்டு வாசிக்கல" என்றாராம். அடுத்த திங்கட்கிழமை நீ பள்ளிக்கூடத்தில் இருந்தாய். அங்கேயே படித்து, பயிற்சிக்குப் போய், அங்கேயே ஆசிரியையாகத் திரும்பி வந்தாய்.

அவ்வளவு துணிந்த உனக்கும் ஒரு கூச்சம் பாக்கியிருந்தது. பள்ளியில் வருஷா வருஷம் போட்டோ எடுப்பார்கள். நீ எப்போதும் கடைசி வரிசையில், உயரமான டிரில் டீச்சருக்குப் பின்னால் பாதி மறைந்து நிற்பாய். எதிலும் உன் முகம் முழுதாக இல்லை. "முன்னாடி வாடி" என்றால், "ஆமா, நான் வந்து நின்னுதான் போட்டோ அழகாகப் போகுது" என்று சிரித்து மழுப்புவாய்.

டீச்சரம்மா காலமாகிச் சில வருஷங்கள் கழித்து, அறுபதுகள் தொடங்கியபோது, சந்தை முக்கில் அவருக்குச் சிலை வைக்க ஊர் முடிவு செய்தது. ரொட்டிக்கடை முதலாளிதான் கமிட்டித் தலைவர். மிஷன் பள்ளிகளுக்கும் பங்களாக்களுக்கும் ரொட்டி போட்டவர். நம் பிள்ளைகளுக்கும் அடிக்கடி பன் அனுப்புவார். நல்ல மனிதர், தன் பெண்களை டீச்சரம்மாவிடம்தான் படிக்க வைத்தார். கோயில் சுதை வேலை செய்யும் பழநி ஸ்தபதி ஒருவரைப் பேசி முடித்திருந்தார்கள். பள்ளி சார்பில் நம் இருவரையும் கூட்டத்துக்குக் கூப்பிட்டார்கள்.

மேஜை மேல் டீச்சரம்மாவின் போட்டோ இருந்தது. அவருடைய நாவலில் அச்சானதைப் பெரிதாக்கியிருந்தார்கள். எந்தக் காலத்திலோ மதுரை ஸ்டுடியோ ஒன்றில் எடுத்து, பென்சிலால் டச்சப் செய்த படம். வழவழவென்று, ஊர் பேர் தெரியாத ஒரு பெண்மணி மாதிரி இருந்தார்.

நீ மெதுவாக, "இதுல தழும்பே இல்லைங்களே" என்றாய்.

முதலாளி சிரித்தார். "இருந்தா நல்லாவா இருக்கும் டீச்சர்? ரோட்டுல நிக்கிற சிலை. சீசனுக்கு வர்ற டூரிஸ்ட்டெல்லாம் பார்ப்பாங்க. லட்சணமா இருக்க வேண்டாமா?"

"அவங்க லட்சணமா இல்லைன்னு யாருங்க சொன்னது?"

நீ குரலை உயர்த்தவில்லை. ஆனால் எல்லோரும் உன் முகத்தைப் பார்த்தார்கள். பார்த்த கண்கள் உடனே டீ கிளாசுக்கும் ஜன்னலுக்கும் போயின. முதலாளிக்குக் காது மடல் சிவந்துவிட்டது. "ஐயய்யோ, நான் அந்த அர்த்தத்துல சொல்லல டீச்சர்" என்றார். கொஞ்சம் பொறுத்து, "ஆனா இந்தப் படத்தைப் புஸ்தகத்துல போட அம்மாதானே ஒத்துக்கிட்டாங்க? அவங்களே ஒத்துக்கிட்ட முகத்தை மாத்த நாம யாரு?" என்று கேட்டார்.

"எங்களுக்குத் தெரிஞ்ச முகம் அது இல்லைங்க" என்று நான் சொன்னேன். போட்டோவில் உள்ளபடியே செய்வது என்று முடிவாகிவிட்டது.

திரும்பும்போது ஏரியைச் சுற்றி நடந்தோம். பனி இறங்கி எதிர்க்கரை மறைந்துவிட்டது. கட்டிப்போட்ட படகுகள் ஒன்றோடொன்று இடித்துக்கொள்ளும் சத்தம் மட்டும் கேட்டது. நீ சட்டென்று நின்றாய்.

"ஏண்டி, அவங்களுக்கும் ஆசை இருந்திருக்குமோ? ஒரு படத்துலயாவது அது இல்லாம இருக்கட்டும்னு?"

"இருந்திருக்கலாம்" என்றேன்.

"அப்ப நான் அவங்களுக்காகக் கேக்குறேனா, இல்ல எனக்காகக் கேக்குறேனா?"

எனக்குத் தெரியவில்லை. தெரியவில்லை என்றே சொன்னேன். உன் கையைப் பிடித்துக்கொண்டேன், சில்லென்றிருந்தது. அந்தச் சனிக்கிழமை நீ வில்பட்டிக்குப் போனாய்.

ஞாயிற்றுக்கிழமை சந்தை நாள். நான் உருளைக்கிழங்கு பேரம் பேசிக்கொண்டிருந்தபோது ரொட்டிக்கடைப் பக்கம் கூட்டம் கூடியது. எட்டிப் பார்த்தால் உன் அம்மா. தலையில் முட்டைக்கோஸ் கூடை. பின்னால் வில்பட்டிப் பெண்கள் கூடையும் கையுமாக நிற்கிறார்கள்.

"மொதலாளி, ஒரு நாயம் கேக்க வந்திருக்கோம்" என்றார் உன் அம்மா. "எங்க டீச்சரம்மா மூஞ்சியில மாரியாத்தா போட்ட முத்த எடுக்கச் சொல்லிட்டீங்களாமே?"

"யாரு ஆத்தா சொன்னது?"

"யாரு சொன்னா என்னங்க. எம்மக வீட்டுக்கு வந்து சோறு திங்காமக் கெடக்கா. எங்க ஊருல பாதி மூஞ்சி இப்பிடித்தான் இருக்கு. இந்த மூஞ்சிக சொமந்துட்டு வர்ற கோசைத்தானே உங்க வீட்டுல ஆக்குறீங்க? என்னைக்காவது மூஞ்சியப் பார்த்து வேண்டாம்னீங்களா?"

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். முதலாளிக்கும் சிரிப்பு வந்துவிட்டது. "அப்பிடியில்ல ஆத்தா. போட்டோவுல இல்லையேன்னுதான்..."

"போட்டோ கெடக்கு போங்க! எங்க வீட்டுக்கு அந்தப் போட்டோவா நடந்து வந்துச்சு? அந்தம்மால்ல வந்துச்சு!"

அதன்பிறகு யாரும் சிரிக்கவில்லை. முதலாளி கல்லாவை விட்டு எழுந்து வெளியே வந்தார். தன் கையாலேயே உன் அம்மாவின் கூடையைப் பிடித்து இறக்கி வைத்தார். எல்லோருக்கும் டீயும் பன்னும் கொடுக்கச் சொன்னார். அப்போதுதான் நீ மூச்சு வாங்க ஓடி வந்தாய். "நான் சொல்லலைங்க. சத்தியமா நான் அனுப்பல" என்று அவரிடம் கும்பிடாத குறையாகச் சொன்னாய்.

"தெரியும் டீச்சர். பழநிக்கு நீங்களே போய் ஸ்தபதிகிட்டச் சொல்லிட்டு வாங்க. நான் சீட்டுத் தர்றேன். அன்னைக்கு நான் பேசினதை மனசுல வச்சுக்காதீங்க" என்றார். நீ தலையாட்டினாய். உன் அம்மா பன்னைப் பிட்டு உன் வாயில் திணித்தார்.

வத்தலக்குண்டுக்கு ஒரு பஸ், அங்கிருந்து திண்டுக்கல், பிறகு பழநி. கொண்டை ஊசி வளைவுகளில் நீ கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு என் தோளில் சாய்ந்திருந்தாய். மலையில் பிறந்தவளுக்கு மலைப்பாதை ஆகவில்லை. எங்கள் வீட்டில் என் அப்பா வாழையிலைத் துண்டில் பஞ்சாமிர்தம் வைத்துக் கொடுத்தார். வெயிலில் முகம் கன்றிப்போய், "இந்த ஊருல எப்பிடிடி மனுசங்க இருக்கீங்க?" என்றபடி இலையை வழித்துத் தின்றாய்.

ஸ்தபதியின் கொட்டகை அடிவாரத்துக்குப் பின்னால், ஒரு கிணற்றடியில் இருந்தது. நல்ல வயதானவர். களிமண்ணில் முகம் செய்து ஈரச் சாக்கு போட்டு மூடியிருந்தார். அதை வார்ப்பெடுத்துச் சிமெண்டில் ஊற்றப் போவதாகச் சொன்னார். சாக்கை விலக்கினார். நீ பார்த்தாய். உன் வாய் சும்மா இருக்குமா?

"கையில சூலம் ஒண்ணுதாங்க குறையுது."

அவர் கோபிக்கவில்லை. "எனக்குக் கைவந்த பொம்பளை முகம் அம்பாள் முகம்தான் தாயி. போட்டோவப் பார்த்துப் பார்த்துப் பிசையறேன், கடைசியில அவதான் வந்து உக்காந்துக்கிறா" என்றார். முதலாளியின் சீட்டை வாங்கிப் படித்தார். தலையைச் சொறிந்தார். "மாரியம்மன் எத்தனையோ செஞ்சிருக்கேன். ஆத்தா வந்துட்டுப் போன முகத்தைச் செஞ்சதில்ல. அதைக் கிட்டக்க நின்னு பார்த்ததும் இல்ல." கையில் ஒட்டியிருந்த மண்ணை வேட்டியில் துடைத்தார். "தாயி, தப்பா நினைக்கலைன்னா, உங்க முகத்தைச் செத்தப் பார்த்துக்கிடலாமா?"

நீ என்னைப் பார்த்தாய். அவர் வாசல் வெளிச்சம் விழும் இடத்தில் ஒரு பலகையைப் போட்டார். நீ போய் உட்கார்ந்தாய்.

அந்த மதியம் முழுக்க நான் உன் பக்கத்திலேயே இருந்தேன். முதலில் என் விரல்களை நெரித்துவிடுகிறவள் மாதிரி பிடித்திருந்தாய். உன் முகத்தைப் பார்த்த வேகத்தில் கண்ணைத் திருப்பிக்கொள்கிறவர்களைத்தான் உனக்குத் தெரியும். ஒரு மனிதர் பார்த்துக்கொண்டே இருந்தது அன்றுதான். மூங்கில் குச்சியின் முனையால் அவர் களிமண்ணில் ஒவ்வொரு குழியாக அழுத்துவதும், உன் பக்கம் திரும்புவதும், மறுபடி அழுத்துவதுமாக இருந்தார். போகப் போக உன் பிடி தளர்ந்தது. டீச்சரம்மாவைப் பற்றிப் பேச ஆரம்பித்தாய். மூக்கு இன்னும் கூர்ப்பு, இடது புருவம் கொஞ்சம் ஏறியிருக்கும், சிரிப்பதற்கு முன்னால் உதட்டை இறுக்கிக்கொள்வார். நீ சொல்லச் சொல்ல அவர் மாற்றினார். அம்பாள் கொஞ்சம் கொஞ்சமாக எழுந்து போனாள். வெயில் தாழும் நேரத்தில், பலகையில் நம் டீச்சரம்மா இருந்தார், இதோ சிரிக்கப் போகிறேன் என்கிற மாதிரி.

நீ எழுந்து போய் அந்த ஈரக் கன்னத்தை ஒரு விரலால் தொட்டாய். அப்புறம் உன் கன்னத்தைத் தொட்டாய். மண் ஒட்டிக்கொண்டது. துடைக்கவில்லை.

திரும்பும் பஸ்ஸில், வத்தலக்குண்டு தாண்டியதும், "ஒரு பக்கத்துக் கன்னம் அச்சா என்னோடதுடி. யார்கிட்டயும் சொல்லிராத. அது அவங்க சிலையாவே இருக்கட்டும்" என்றாய். சொல்ல மாட்டேன் என்றேன்.

திறப்பு விழா அன்று தூறல். குடைகளுக்கு நடுவே துணியை இழுத்தார்கள். கூட்டம் குடைகளைச் சாய்த்து அண்ணாந்து பார்த்தது. அப்போது வில்பட்டிப் பெண்கள் பக்கமிருந்து குலவைச் சத்தம் எழும்பியது. ஒருத்தி தொடங்க, எல்லோரும் சேர்ந்துகொண்டார்கள். கோயிலில் கேட்ட குலவையை நடுரோட்டில் ஒரு எழுத்துக்காரிக்காக நான் கேட்டது அன்று ஒரு தடவைதான். முதலாளி துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அம்மா நேர்ல வந்து நிக்கிற மாதிரியே இருக்காங்க டீச்சர்" என்று உன்னிடம் வந்து சொன்னார்.

போட்டோக்காரர் எல்லோரையும் நிறுத்திவைத்தார். நான் வழக்கம்போல உன்னைக் கடைசி வரிசையில் தேடினேன். நீ சிலைக்கு அடியில், முன்னால் நடுவில் நின்றிருந்தாய், முக்காடில்லாமல், கேமராவுக்கு நேராக. "என்னடி முழிக்கிற? வந்து பக்கத்துல நில்லு" என்று என்னைக் கையைப் பிடித்து இழுத்தாய்.

அடுத்த வருஷமே நீ கீழ்மலையிலுள்ள பெரும்பாறைக்குப் போய்விட்டாய். காப்பித் தோட்டத்தில் வேலை செய்கிறவர்களின் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் இல்லை என்று கேள்விப்பட்டாய், அவ்வளவுதான். நான் தடுத்துப் பார்த்தேன். அறையில் தனியாக இருக்க எனக்குப் பயம் என்றுகூடச் சொன்னேன். "நீயும் வாயேன்" என்றாய். என்னால் முடியவில்லை. எனக்கு இந்த ஊரும் இந்தப் பள்ளியும்தான் என்று ஆகியிருந்தது. நீ அங்கே ஒரு கொட்டகையில் தொடங்கி, தோட்டக் குடியிருப்புகளில் லயத்துக்கு லயம் நடந்து பிள்ளைகளைச் சேர்த்தாய். கல்யாணப் பேச்சை எடுத்தால், "சோலி கெடக்குடி" என்று பேச்சை மாற்றுவாய். ஆரஞ்சுக் காலத்தில் ஒரு கூடைப் பழம் பஸ்ஸில் ஏற்றி அனுப்புவாய். விடுமுறைக்கு நான் இறங்கி வருவேன். அப்படியே வயதாகிவிட்டது நமக்கு.

போன வருஷம் நான் வந்தபோது உன் பார்வை ஏறக்குறைய போயிருந்தது. படுக்கையை ஜன்னலோரம் போட்டிருந்தார்கள். வெளியே காப்பி பூத்திருந்தது. நீ படிக்க வைத்த பெண்ணொருத்தி, இப்போது அந்தப் பள்ளியிலேயே டீச்சர், உன்னைப் பார்த்துக்கொண்டாள். "வாசிச்சுக் காட்டுடி, ரொம்ப நாளாச்சு" என்று டீச்சரம்மாவின் முதல் நாவலைத் தலையணைக்கு அடியிலிருந்து எடுத்துக் கொடுத்தாய். அட்டை போய், ஓரமெல்லாம் மடங்கியிருந்தது. இருந்த நாளெல்லாம் சாயங்காலம் சாயங்காலம் வாசித்தேன். நான் ஒரு வார்த்தையைத் தப்பாக வாசித்தால் கண்ணை மூடியபடியே திருத்துவாய்.

நான் ஊர் திரும்பும் நாள் பாதி அத்தியாயத்தில் உன் மூச்சு சீரானது. தூங்கிவிட்டாய் என்று நினைத்துப் புத்தகத்தை மூடினேன்.

"நிறுத்தாதடி. கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன்" என்றாய்.

திறந்து மேலே வாசித்தேன். ஆனால் கடைசி பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. அத்தியாயம் முடியவில்லை. அடுத்த தடவை வரும்போது முடிக்கிறேன் என்று உன் நெற்றியைத் தொட்டுவிட்டுக் கிளம்பினேன். அடுத்த தடவை நான் வந்தது உன்னை எடுத்துப் போகிற அன்று. அந்தப் பெண் புத்தகத்தை என் கையில் கொடுத்து, "டீச்சர் உங்களுக்குக் கொடுக்கச் சொன்னாங்க" என்றாள்.

புத்தகம் இப்போது என் மேஜையில்தான் இருக்கிறது. விட்ட இடத்தில் ஒரு காப்பி இலையை வைத்திருக்கிறேன். ஒரு வருஷமாக அதற்கு மேல் பிரிக்க மனம் வரவில்லை. முடித்துவிட்டால் உன்னோடு எனக்குப் பாக்கி ஒன்றும் இருக்காதே என்று ஒரு பயம். இதையெல்லாம் எழுதியபின் இன்று அந்தப் பயம் கொஞ்சம் விலகியிருக்கிறது. இன்னும் சில பக்கங்கள்தான். சாயங்காலம் வெளிச்சம் இருக்கும்போதே ஜன்னலைத் திறந்து வைத்துச் சத்தமாக வாசிக்கிறேன். எங்காவது தப்பாக வாசித்தால், அந்த இடத்தில் கொஞ்சம் நின்று பார்க்கிறேன்.